உதவித்தொகை எப்போது கைக்கு வர வேண்டும்: ஒரு கோடைக்கால ஆய்வுப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் இயங்கும் சிறிய சமூகக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2023, 2024 கோடைகளில் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் கூடிய ஆய்வுப் பயிற்சி நடத்தியது. இரண்டு ஆண்டும் அதன் ஒருங்கிணைப்பில் நான் இருந்தேன். முதல் ஆண்டில் ஒரு மாணவி பாதியில் விலகினார். அந்த விலகல் எப்படி நேர்ந்தது, அதன்பின் நிறுவனம் எதையெல்லாம் மாற்றியது, மாற்றியதால் மறு ஆண்டு களத்தில் என்ன கிடைத்தது என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். இதுபோன்ற பயிற்சி நடத்த நினைக்கும் நிறுவனங்களுக்கும், மாணவர்களை அனுப்பும் கல்லூரிகளுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

ஒரு நலத்திட்டம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்ததால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு முறையாக விடை தேடும் ஆய்வுகளில் சில தமிழ்நாட்டில் நடந்தவை. அங்கன்வாடியில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை அமர்த்தினால் பலன் உண்டா என்று 640 மையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. எந்த மையத்துக்குக் கூடுதல் ஆள் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். ஆள் கிடைத்த மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த இன்னோர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. நலத்திட்டங்களின் பலனை இப்படிக் குலுக்கல் முறையில் அளப்பதற்காக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கப்பட்ட ஜே-பால் ஆய்வு மையத்தோடு தமிழ்நாடு அரசு 2014இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த மையத்தை நிறுவியவர்களில் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமரோடு 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றபோது இந்தத் துறை மாணவர்களிடையே பரவலாகத் தெரியவந்தது.

இந்த எண்கள் எல்லாம் யாரோ ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியிலிருந்து பிறப்பவை. அந்தத் திண்ணைக்கும் ஆய்வறிக்கைக்கும் நடுவே இருக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளும் நுழைவாயில்தான் கோடைப் பயிற்சி. அதில் பெரும்பாலானவை ஊதியமில்லாதவை. நிதி ஆயோக் நடத்தும் இன்டர்ன்ஷிப்பிலேயே உதவித்தொகை கிடையாது. இரண்டு மாதம் சொந்தச் செலவில் வெளியூரில் தங்க முடிந்தவர் மட்டுமே உள்ளே வர முடியும். யாருடைய வீடுகளில் போய்க் கேள்வி கேட்கிறோமோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக் குழுவில் இல்லாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால்தான் நிறுவனம் தொடக்கத்திலேயே உதவித்தொகை தருவதென்று முடிவு செய்தது. ஆறு இடங்கள், எட்டு வாரங்கள், மாதம் 15,000 ரூபாய். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தோம்.

2023: வந்த விண்ணப்பங்கள்

விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு நோக்க அறிக்கை, தன்விவரக் குறிப்பு, பேராசிரியர்கள் இருவரின் பரிந்துரைக் கடிதங்கள் கேட்கப்பட்டன. பயிற்சி மே முதல் வாரத்தில் தொடங்குவதாக இருந்தது. வந்த விண்ணப்பங்களில் மிகப் பெரும்பான்மை சென்னை, கோவை நகரங்களின் தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்தும் தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வந்தவை. அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அறிவிப்பு அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை" என்பது தேர்வுக் குழுவில் எழுந்த முதல் விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் சில கல்லூரிகளின் பொருளாதாரத் துறைகளோடு பேசியபோது வேறு காரணங்கள் தெரிந்தன. தனியார் பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் மாதத்திலேயே பருவத் தேர்வுகள் முடிந்துவிடுகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் அவை மே மாதத்துக்குள் நீள்வதுண்டு. மே முதல் வாரம் சென்னைக்கு வா என்றால் பரீட்சையை விட்டுவிட்டு வா என்று பொருள். பரிந்துரைக் கடிதத்தின் கதையும் அப்படித்தான். அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களில் பலர் நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "என் கடிதத்துக்கு மதிப்பு இருக்குமா, சார்? என்னிடம் துறை முத்திரைகூடக் கிடையாது" என்று கேட்டார். மாணவரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

இந்தத் தடைகளையெல்லாம் தாண்டி டெல்டா மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டாம் ஆண்டு பொருளாதார மாணவி ஒருவர் தேர்வானார். அவர் கல்லூரியில் தேர்வுகள் முன்னதாகவே முடிந்திருந்தன. விவசாயக் கூலிக் குடும்பம். ரேஷன் கடையில் விரல்ரேகை பதியாத முதியவர்களைப் பற்றி அவர் எழுதியிருந்த ஒரு பக்கம், அந்த ஆண்டு வந்த அத்தனை விண்ணப்பங்களிலும் சிறந்தது என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

விலகல்

அந்த மாணவி மூன்றாம் வாரத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நடந்ததை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. நிறுவனத்தின் விதிப்படி உதவித்தொகை முழுவதும் பயிற்சியின் முடிவில், அறிக்கை சமர்ப்பித்த பிறகு வழங்கப்படும். பெண்கள் விடுதியிலோ சேர்ந்த நாளிலேயே ஒரு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்டார்கள். அழைத்து வந்த சித்தி கையிலிருந்ததைக் கொடுத்து, மீதிக்கு ஊரில் வட்டிக்கு வாங்கினார். இரண்டாம் வாரம் களப் பயிற்சிக்காகத் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய்வரச் செலவான பணத்தை, டிக்கெட்டுகளை ஒட்டிக் கொடுத்தால் பிறகு தருவதாக ஏற்பாடு. அதைக் கேட்கப் போனபோது கணக்குப் பிரிவு பான் அட்டையும், ரத்து செய்த காசோலை ஒன்றும் கேட்டது. மாணவியிடம் இருந்தது 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருவதற்காகத் தொடங்கிய, இருப்புத் தொகை தேவையில்லாத சேமிப்புக் கணக்கு. அதற்குக் காசோலைப் புத்தகம் தரப்படவில்லை. பான் அட்டை எடுக்க வேண்டிய தேவை அவருக்கு அதுவரை வந்ததில்லை.

விலகும்போது அவர் தமிழில் அனுப்பிய மின்னஞ்சல் நான்கே வரிகள். கடன் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், ஊரில் ஜவுளிக் கடையில் விடுமுறைக் கால வேலை இருக்கிறது, அங்கே வாரக் கூலி தருகிறார்கள், மன்னிக்கவும்.

ஜவுளிக் கடை தந்தது நிறுவனம் தரவிருந்த தொகையைவிட மிகக் குறைவு. ஆனால் அது சனிக்கிழமைதோறும் கைக்கு வந்தது. எட்டு வாரம் கழித்து வரும் 30,000 ரூபாயை நம்பி எட்டு வாரம் கடன் வாங்கிச் சாப்பிடுவதற்கு, பின்னால் தாங்கிக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டும். உதவித்தொகை தேவைப்படாத மாணவர்களுக்கு முடிவில் தருவது எந்தச் சிரமத்தையும் தரவில்லை. யாருக்காக அந்தத் தொகை ஒதுக்கப்பட்டதோ அவருக்குத்தான் அது எட்டாமல் போனது.

அவர் வேலை செய்த வாரங்களுக்கான தொகையை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலை வைத்தே, இயக்குநர் அனுப்பச் செய்தார். "சென்னை அந்தப் பெண்ணுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது" என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். அன்றே எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஒரு குடும்பம் நலத்திட்டத்திலிருந்து விடுபட்டால் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடாமல், எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்தக் கவுன்ட்டர் தடுத்தது என்று தேடும்படி களப்பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நம் அலுவலகத்தின் கவுன்ட்டரையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்று மதிப்பாய்வுக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பணம் தரும் முறைதான் முதலில் பேசப்பட்டது. அதிக நேரம் எடுத்ததும் அதுவே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தருவது, முதல் தவணையை வந்து சேரும் நாளிலேயே தருவது, விடுதி முன்பணத்தை நிறுவனமே நேராக விடுதிக்குக் கட்டுவது, பயணச் செலவை முன்கூட்டியே தருவது, காசோலைக்குப் பதில் வங்கிப் புத்தக நகலை ஏற்பது என்பவை முன்மொழிவுகள். கணக்குப் பிரிவின் தலைவர் எதிர்த்தார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் போய்விட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அதற்கு விடை நிறுவனத்தின் நடைமுறையிலேயே இருந்தது. களத்துக்குப் போகும் கணக்கெடுப்பாளர்களுக்குத் தினப்படியும் பஸ் கட்டணமும் எப்போதும் முன்பணமாகத்தான் தரப்படுகின்றன. அந்த விதியை மாணவர்களுக்கும் நீட்டித்தால் போதும். ஒருவர் போய்விட்டால் அதிகபட்ச இழப்பு இரண்டு வாரத் தொகையும் விடுதி முன்பணமும். மொத்த உதவித்தொகையில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு அவரே விதித் திருத்தத்தை எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது நாட்காட்டி. 2024இல் மே மாதம் எப்படியும் கைகொடுக்காது என்பது விரைவிலேயே தெளிவாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு; ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை; அதுவரை நடத்தை விதிகள். அந்த நேரத்தில் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கேள்வித்தாளோடு ஊருக்குள் போனால் கட்சிக்காரர்கள் என்றே நினைப்பார்கள்; சொல்லும் பதிலும் அதற்கேற்ப மாறும். எனவே மே கடைசி வாரத்தில் வகுப்புப் பயிற்சி, வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு களம் என்று முடிவானது. தேர்வு முடியாத சிக்கல் தானாகவே தீர்ந்தது. ஆனால் ஜூன் பிற்பகுதியில் கல்லூரிகள் திறந்துவிடும். வருகைப் பதிவுக்கு விலக்குக் கேட்டு ஒவ்வொரு முதல்வருக்கும் கடிதம் எழுதினோம். பயிற்சிக் காலம் ஆறு வாரமாகச் சுருக்கப்பட்டது.

தேர்வு முறையில் பரிந்துரைக் கடிதம் கைவிடப்பட்டது. நோக்க அறிக்கைக்குப் பதிலாக ஒரு சிறு கணக்கு: கற்பனையான ஒரு தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தின் வருகைப் பதிவும் பிந்தைய மாதத்தின் வருகைப் பதிவும் கொடுக்கப்பட்டன. வருகை கூடியிருந்தது. 'இது காலை உணவால்தான் என்று சொல்ல முடியுமா? சொல்லும் முன் வேறு என்ன தெரிய வேண்டும்?' தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதலாம்.

பதில்களைப் படித்தது மனநிறைவான வேலை. முந்தைய மாதம் அறுவடையா, மழையா, ஊர்த் திருவிழாவா என்று பலர் கேட்டிருந்தார்கள். பக்கத்து ஊரில் திட்டம் வராத பள்ளியின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு என்ற கருத்தை யாரும் கற்பிக்காமலே அடைந்தவர்கள் அவர்கள். ஒரு மாணவி எழுதியிருந்த வரி இது: 'வருகைப் பதிவை யார், எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்? சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அதில் இருப்பார்களா?'

மதிப்பெண் எல்லையைத் தாண்டியவர்கள் ஆறு இடங்களைவிட மிக அதிகம். அவர்களிலிருந்து நேர்காணல் வைத்துப் பொறுக்குவதா, குலுக்கல் போடுவதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவர், ஆளைப் பார்க்காமல் களத்துக்கு அனுப்ப முடியாது என்றார். நேர்காணல்களில் நம்மைப் போலப் பேசுபவர்களையே நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மறுதரப்பின் வாதம். நான் இரண்டாவது தரப்பில் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். எல்லையைத் தாண்டிய அனைவரும் தகுதியானவர்கள் என்று நாமே சொன்ன பிறகு, அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு தேடுவதற்குப் பேச்சுச் சாமர்த்தியத்தைத் தவிர வேறு அளவுகோல் எங்களிடம் இருக்கவில்லை. விண்ணப்பித்தவர்கள் பார்க்கும்படி இணையவழிக் கூட்டத்தில் குலுக்கல் நடந்தது. இடம் கிடைக்காத ஒருவர் மனம் வருந்திக் கடிதம் எழுதினார். அவருக்கு அவருடைய மதிப்பெண்ணையும் விடைத்தாள் பற்றிய கருத்துகளையும் அனுப்பினோம். அதன்பிறகு கேட்காதவர்களுக்கும் அனுப்பினோம்.

2024: களத்தில்

அந்தக் கோடையில் நிறுவனத்தின் கையில் இருந்த ஆய்வு, மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றியது. 2021 மே மாதம் தொடங்கிய திட்டம். பின்னர் 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்றது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் பயணம் செய்கிறார்கள். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பயனாளிகளுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிவித்திருந்தது. திருவாரூர் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் பெண்களின் வேலை, சந்தை, மருத்துவமனைப் பயணங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் ஆய்வின் நோக்கம்.

முதல் நாட்களின் சிக்கல் எதிர்பார்த்ததுதான். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டதும், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையை நிறுத்தத்தான் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தெருவில் பரவிவிட்டது. அடுத்த தெருவில், விடுபட்டவர்களுக்கு உரிமைத் தொகை வாங்கித் தர வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு. இரண்டுமே பதில்களைக் கெடுக்கும். கேள்விகளுக்கு முன் படித்துக் காட்டும் ஒப்புதல் வாசகத்தில், 'இதனால் எந்தத் தொகையும் வரவும் செய்யாது, நிற்கவும் செய்யாது' என்று முதல் வரியாகவே சொல்வது என மாணவர்கள் பரிந்துரைத்தார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு வாசகம் மாற்றப்பட்டது.

முக்கியமான நிகழ்வு, கேள்வித்தாளைச் சில வீடுகளில் கேட்டுப் பார்க்கும் முன்சோதனையின்போது நடந்தது. காலை உணவு பற்றி அந்த வரியை எழுதிய மாணவியும் குலுக்கலில் இடம் பெற்றிருந்தார். அவரும் அரசு கலைக் கல்லூரி மாணவிதான், பக்கத்து மாவட்டத்துக்காரர். கேள்வித்தாளில், கடந்த ஏழு நாட்களில் கட்டணமில்லாப் பேருந்தில் எத்தனை முறை போனீர்கள், எங்கே போனீர்கள் என்று இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் உரிய கட்டணத்தைப் பெருக்கிக் கூட்டினால் மிச்சமான தொகை வந்துவிடும் என்பது கணக்கு.

ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி, வாரத்தில் நான்கு முறை போனதாகச் சொன்னார். மாணவி எண்ணைப் பதிந்துவிட்டு, கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"பெரியம்மா, இலவசம் வருவதற்கு முன்னாலும் நாலு முறை பஸ்ஸில்தான் போவீர்களா?"

"முன்பு நான் எங்கே பஸ்ஸில் போனேன், பாப்பா? சந்தைக்கு நடந்துதான் போவேன். பெரியாஸ்பத்திரிக்கு முடியாமல் போனால்தான் பஸ். மகள் வீட்டுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன், இப்போது நினைத்தால் போகிறேன்."

"வரும்போதும் இலவச பஸ்தானா?"

"ஐந்தரைக்கு மேல் இந்தப் பக்கம் டவுன் பஸ் ஏது? மினி பஸ் வரும், அதுவும் விட்டால் ஷேர் ஆட்டோ. அதற்கு இருபது ரூபாய்."

மாணவி இதைக் கேள்வித்தாளின் குறிப்புப் பகுதியில் அப்படியே எழுதினார். அன்று மாலையே தன்னுடன் வந்த மாணவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாளில் குறிப்புகள் குவிந்தன. அவற்றை அடுக்கிப் பார்த்தபோது பயணங்கள் மூன்று விதமாகப் பிரிந்தன. முன்பு காசு கொடுத்துப் பஸ்ஸில் போனவை. அங்கே மட்டும்தான் கட்டணம் அப்படியே மிச்சம். முன்பு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போனவை; நடந்தவருக்கு மிச்சம் நேரமும் கால்வலியும், ஆட்டோவில் போனவருக்கு மிச்சம் பஸ் கட்டணத்தைவிட அதிகம். மூன்றாவது, முன்பு போகாமலே இருந்தவை. மகள் வீட்டுக்கு இப்போது கூடுதலாகப் போகும் அந்தப் பயணங்களில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஆனால் திட்டம் அந்தப் பெண்மணிக்குக் கொடுத்தவற்றில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் பெருக்கல் கணக்கில் இந்த மூன்றும் ஒரே தொகையாகிவிடும்.

திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விதான் இந்தத் துறையின் அடித்தளம். குழுவில் எல்லோரும் அதைப் பாடமாகப் படித்தவர்கள், நான் உட்பட. நடந்தே சந்தைக்குப் போகும் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அது திண்ணையிலேயே தோன்றியது.

கருத்து வேறுபாடும் முடிவும்

கேள்வியை மாற்ற வேண்டும் என்று மாணவி கேட்டார். ஆய்வின் பொறுப்பாளர் மறுத்தார். முந்தைய சுற்றில் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. இப்போது மாற்றினால் இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட முடியாது. மேலும், முன்பு எப்படிப் போனீர்கள் என்று மூன்று ஆண்டுக்கு முந்தைய செய்தியைக் கேட்டால் நினைவிலிருந்து வரும் பதில் எவ்வளவு நம்பகமானது? இரண்டுமே வலுவான ஆட்சேபங்கள். அவர் அவற்றை மாணவியை உட்காரவைத்துக் கரும்பலகையில் எழுதி விளக்கினார். மாணவி விட்டுக்கொடுக்கவில்லை. ஒப்பிடக்கூடிய தவறான எண் வேண்டுமா என்று நேராகவே கேட்டார்.

முடிவு இப்படி அமைந்தது: பழைய கேள்விகள் சொல் மாறாமல் அப்படியே இருக்கும். அவை முழுவதும் முடிந்த பிறகு, ஒவ்வொரு பயண வகைக்கும் ஒரே ஒரு துணைக் கேள்வி வரும். முன்பு இதே இடத்துக்கு எப்படிப் போனீர்கள், அல்லது போகவில்லையா? புதிய கேள்வி கடைசியில் வருவதால் பழைய பதில்களைப் பாதிக்காது. நினைவுப் பிழையைச் சமாளிக்க, அதே வீட்டில் வேறொரு பெண்ணிடமும் சில நேர்காணல்களில் தனியே கேட்டுச் சரிபார்ப்பது என்று ஏற்பாடு. நேர்காணல் சற்று நீண்டது; அதனால் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது. மாதிரியின் அளவைக் குறைப்பதற்குப் பதிலாகக் களப்பணி நாட்களை நீட்டிக்க நிறுவனம் பணம் ஒதுக்கியது.

இன்னொரு குறிப்பும் மாணவர்களிடமிருந்தே வந்தது. அந்த ஆண்டு வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை; ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத இடங்களில் குறுவை நடவு தொடங்கவில்லை. வழக்கமாக வயலுக்குப் போகும் பெண்கள் சிலர் டவுனில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் பஸ் ஏறினார்கள். எனவே அந்த ஜூன் மாதத்துப் பயணக் கணக்கை வழக்கமான ஜூன் மாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அறிக்கையில் ஒரு பத்தி சேர்ந்தது.

பின்விளைவு

ஆறு மாணவர்களும் பயிற்சியை முடித்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு யாரும் போய்விடவில்லை. ஆய்வறிக்கையில் பழைய முறைக் கணக்கும் புதிய முறைக் கணக்கும் அருகருகே அச்சாயின. அவை வெவ்வேறு எண்கள் என்பதும், வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதும் விளக்கப்பட்டன. முன்பு போகாமலிருந்த பயணங்களுக்கு அறிக்கையில் தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டது.

இதை வைத்து, முன்பணம் தந்தால் மாணவர்கள் விலக மாட்டார்கள் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆறு பேர், ஒரு கோடை. பணம் தரும் முறை, தொடங்கும் தேதி, பயிற்சிக் காலம், தேர்வு முறை எல்லாமே ஒரே நேரத்தில் மாறின. எது எந்த அளவுக்கு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, 2023இல் ஒரு மாணவியை வெளியே தள்ளிய குறிப்பிட்ட தடைகள் 2024இல் இல்லை என்பது மட்டுமே.

துணைக் கேள்வியைக் கொண்டுவந்த மாணவி இறுதியாண்டு முடித்த பிறகு, அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் களமேற்பார்வையாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். மற்றவர்களில் ஒருவர் இந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகப் போய்விட்டார்; ஆறு வாரத்தில் அதைத் தெரிந்துகொண்டதும் பயிற்சியின் பயனே. 2023இல் விலகிய மாணவிக்கு 2024இல் குலுக்கல் இல்லாமலே இடம் தருவதாக எழுதினோம். அவர் அதற்குள் பி.எட். சேர்வதென்று முடிவு செய்திருந்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அவர் எழுதிய அந்த ஒரு பக்கத்தை நினைக்கும்போது, இழந்தது நாங்கள்தான் என்று தோன்றுகிறது.

அடுத்து மாற்ற வேண்டியவை

விடுதிச் செலவுதான் இப்போதும் பெரிய தடை. நிறுவனம் முன்பணம் கட்டினாலும் சென்னை வாடகை உதவித்தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. வகுப்புப் பயிற்சியைத் திருச்சியில் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் நடத்தினால் டெல்டா மாணவர்கள் பலர் வீட்டிலிருந்தே வந்துபோகலாம். இதற்கு இரண்டு கல்லூரிகளோடு பேச்சு நடக்கிறது.

வருகைப் பதிவு விலக்குக் கடிதத்துக்கு ஒரு கல்லூரி கடைசிவரை பதில் தரவில்லை. அந்த மாணவர் ஜூன் இறுதியில் களத்துக்கும் வகுப்புக்குமாக அலைய நேர்ந்தது. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் முடிப்பது பல கல்லூரிகளில் பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்டது. அதில் இந்தப் பயிற்சியையும் சேர்க்கும்படி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே துறையோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடுகிறது.

ஆய்வறிக்கை இன்னும் ஆங்கிலத்தில் மட்டுமே வெளியாகிறது. மாணவர்கள் தமிழில் எழுதிய களக்குறிப்புகளிலிருந்து ஒரு தமிழ்ச் சுருக்கம் தயாரித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்ன கிராமங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று இரண்டாம் ஆண்டுக் குழு கேட்டிருக்கிறது. அதற்கான அச்சுச் செலவும், படித்துக் காட்டுவதற்கு மாணவர்கள் இரண்டு நாள் ஊருக்குப் போய்வரும் செலவும் அடுத்த நிதியாண்டின் முன்மொழிவில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பணம் தருபவர்கள் இன்னும் ஒப்புதல் தரவில்லை.